ராதிகா சாந்துவனம்: ஒரு தஞ்சைப் பெண் கவிஞரின் நூலும் அதன் பதிப்பு வரலாறும்

ராதிகா சாந்துவனம் என்பது 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் (ஆட்சிக்காலம் 1739–1763) அவையில் வாழ்ந்த முத்துப்பழனி என்னும் பெண் கவிஞர் இயற்றிய தெலுங்குக் காவியம் ஆகும். 584 பாடல்களைக் கொண்ட இந்நூலை 1910ஆம் ஆண்டு பெங்களூர் நாகரத்தினம்மாள் சென்னையில் முழுமையாகப் பதிப்பித்தார். மறு ஆண்டே இது ஆபாச நூல் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. இந்திய விடுதலையை ஒட்டிய காலத்தில்தான் தடை நீங்கியது. ஒரு பெண் எழுதிய நூலைப் புலவர்களும் அச்சகத்தாரும் அரசும் எவ்வாறு கையாண்டனர் என்பதை அறிய இந்நூலின் வரலாறு உதவுகிறது.

தஞ்சை அவையும் தெலுங்கும்

தமிழ் வழங்கும் தஞ்சையில் தெலுங்குக் காவியம் தோன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர்கள் தெலுங்கை அவை மொழியாகப் போற்றினர். அவர்கள் காலத்திலேயே ராமபத்ராம்பா, ரங்காஜம்மா ஆகிய பெண் கவிஞர்கள் சிறப்புற்றிருந்தனர். பின்னர் ஆட்சிக்கு வந்த மராத்தியரும் தெலுங்கு, தமிழ், சமஸ்கிருதம், மராத்தி ஆகிய மொழிகளை ஆதரித்தனர்.

அக்காலத்தில் குடும்பப் பெண்களுக்குக் கல்வி பெரும்பாலும் எட்டாமலிருந்தது. இசை, நடனம், இலக்கியம் ஆகியவற்றை முறையாகக் கற்கும் வாய்ப்பு தேவதாசி மரபினருக்கும் அவைக் கணிகையருக்கும் இருந்தது. முத்துப்பழனி அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டி தஞ்சைநாயகியும் அவையில் புகழ்பெற்ற கலைஞரே. காவியத்தின் பீடிகையில் புலவர்கள் தம் குலப் பெருமையைக் கூறுவது மரபு. முத்துப்பழனி தம் பீடிகையில் பாட்டி முதலான பெண்களைப் போற்றுகிறார். தம் புலமையையும் தாம் பெற்ற சிறப்புகளையும் தயங்காமல் எடுத்துரைக்கிறார். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவராகவும் அவர் அறியப்படுகிறார்.

நூலின் பொருள்

'சாந்துவனம்' என்றால் ஆறுதல் கூறித் தணித்தல் என்று பொருள். கண்ணனின் காதலியாகிய ராதை, தான் வளர்த்த இளா என்னும் பெண்ணைக் கண்ணனுக்கே மணம் செய்து கொடுக்கிறாள். பின்னர் பிரிவும் பொறாமையும் அவளை வாட்டுகின்றன. சினம் கொண்ட ராதையைக் கண்ணன் பணிந்து தணிக்கிறான்.

திருக்குறளின் காமத்துப்பாலில் ஊடலைப் படித்த மாணவர்களுக்கு இக்கருப்பொருள் புதிதன்று. சிருங்கார ரசமும் தெலுங்கு இலக்கியத்துக்குப் புதியதன்று. ஆண் புலவர்கள் பலர் அதை விரிவாகப் பாடியுள்ளனர். ஆனால் இந்நூலில் பெண்ணின் விருப்பமும் சினமும் தன்மானமும் முதன்மை பெறுகின்றன. அவற்றைப் பாடியவரும் ஒரு பெண்ணே. பின்னாளில் எழுந்த எதிர்ப்புக்கு இதுவே முக்கியக் காரணமாயிற்று.

அதே காலத்துப் பிரித்தானியப் புத்தகச் சந்தை

முத்துப்பழனி வாழ்ந்த நூற்றாண்டில் லண்டனிலும் டப்ளினிலும் புத்தக வணிகம் பெரிதாக வளர்ந்திருந்தது. அங்குப் பெண்கள் எழுதி வெளியிடச் சில வழிகள் இருந்தன. ஒன்று, வாங்குவோரிடம் முன்னதாகவே கையொப்பமும் பணமும் பெற்று நூலை அச்சிடுதல். டப்ளினைச் சேர்ந்த மேரி பார்பர் 1730களில் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்டின் ஆதரவுடன் தம் கவிதைகளை இம்முறையில் வெளியிட்டார். மற்றொன்று, நூலின் உரிமையைப் பதிப்பாளருக்கு மொத்தமாக விற்றுவிடுதல். பிரான்சிஸ் பர்னி தம் 'எவலினா' நாவலை 20 கினிகளுக்கு விற்றார். 1778இல் வெளியான அந்நூலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. அச்சில் தம் பெயர் வருவது மரியாதைக் குறைவு எனப் பல பெண்கள் அஞ்சிய காலம் அது.

தஞ்சையில் நிலைமை வேறு. அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1712 முதல் அச்சகம் இருந்தாலும் அது கிறித்தவ சமயப் பணிக்கு உரியதாக இருந்தது. அவைப் புலவர்களின் நூல்கள் ஓலையிலும் காகிதத்திலும் படியெடுக்கப்பட்டே பரவின. கவிஞருக்குப் பொருள் தந்தவர் மன்னர். புத்தக வணிகர் அல்லர். ஆகவே முத்துப்பழனி தம் பெயரை மறைக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பெயருக்கு இடையூறு வந்தது நூல் அச்சேறிய பிறகுதான்.

முதல் அச்சுப் பதிப்பும் விமர்சனமும்

சி. பி. பிரவுனுடன் பணியாற்றிய பைடிபாட்டி வெங்கடநரசு என்னும் அறிஞர் 1887இல் ராதிகா சாந்துவனத்தை அச்சிட்டார். அப்பதிப்பில் நூலின் பீடிகையும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. பீடிகை இல்லையென்றால் கவிஞர் யார், எந்த மரபினர், தம்மைப் பற்றி என்ன சொன்னார் என்பதை வாசகர் அறிய வழியில்லை.

விதவை மறுமணத்துக்காகப் பாடுபட்ட சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு, தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றை எழுதியபோது முத்துப்பழனியையும் குறிப்பிட்டார். அவருடைய புலமையை ஏற்றாலும், நூலின் பல பகுதிகள் பெண்கள் கேட்கவும் தகாதவை என்று கண்டித்தார். பெண் கல்வியை வலியுறுத்திய சீர்திருத்தவாதிகளிடமும் 'நல்ல பெண் எழுதத் தக்கது' எது என்பதில் ஒரு வரையறை இருந்தது. தேவதாசி மரபுப் பெண்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

நாகரத்தினம்மாளின் பதிப்பு

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) மைசூரில் வளர்ந்து, பின்னர் சென்னையில் குடியேறிய புகழ்பெற்ற இசைக் கலைஞர். கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் தேர்ச்சி பெற்றவர். தெலுங்கு இலக்கியம் பற்றிய நூல் ஒன்றில் முத்துப்பழனி குறித்துப் படித்த அவர், காவியத்தைத் தேடினார். முதலில் கிடைத்தது பழைய அச்சுப் பிரதி. பின்னர் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது அச்சில் விடுபட்டவை தெரியவந்தன.

முழு நூலையும் அவர் 1910இல் சென்னை வாவிள்ள ராமசாமி சாஸ்த்ருலு அண்டு சன்ஸ் நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். இந்நிறுவனம் தெலுங்கு, சமஸ்கிருத நூல்களைப் பதிப்பிப்பதில் பெயர் பெற்றது. நூல் ரசம் நிறைந்தது என்பதோடு, ஒரு பெண்ணால், அதிலும் தம் குலத்தில் பிறந்தவரால் எழுதப்பட்டது என்பதாலும் அதைச் செம்மையாக வெளியிட விரும்பியதாக அவர் முன்னுரையில் தெரிவித்தார். வீரேசலிங்கத்துக்கும் மறுமொழி கூறினார். நாணம் பெண்களுக்கு மட்டுமே உரியதா, சிருங்காரம் பாடிய ஆண் புலவர்களுக்கு ஏன் இதே அளவுகோல் இல்லை என்பது அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

தடையும் நீக்கமும்

நூல் வெளிவந்ததும் பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. அரசின் தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் சில பகுதிகளை ஆபாசம் எனக் கருதினார். 1911இல் காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது. வாவிள்ள நிறுவனம் வெளியிட்ட வேறு சில பழைய காவியங்களும் இந்நடவடிக்கைக்கு உள்ளாயின. பழைய இலக்கியங்களை இவ்வாறு அளவிடக் கூடாது என்று பண்டிதர்கள் அரசுக்கு விண்ணப்பித்தும் பயனில்லை.

தங்குட்டூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக (1946–47) இருந்த காலத்தில் தடை நீங்கும் வழி பிறந்தது. வாவிள்ள நிறுவனம் 1952இல் நூலை மீண்டும் வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் நாகரத்தினம்மாள் திருவையாற்றில் காலமானார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் தடை செய்த சட்டம் 1947இல் நிறைவேறியது. அம்மரபுக் கவிஞரின் நூலுக்கு மீண்டும் வழி திறந்ததும், அம்மரபே சட்டப்படி முடிவுக்கு வந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

நினைவிடமும் இன்றைய நிலையும்

அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவையாறு உள்ளது. அங்குக் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டபோது, 1927இல் பெண்களுக்கெனத் தனி ஆராதனையைத் தொடங்கியவரும் அவரே. தியாகராஜர் சமாதியை நோக்கிய அவரது சிலை அங்கு உள்ளது. ஆராதனைக்குச் செல்வோர் அவரை இசைத் தொண்டராகவே பெரும்பாலும் அறிவர். பதிப்பாசிரியராக அறிந்தவர் குறைவு.

சூசி தாரு, கே. லலிதா ஆகியோர் 1991இல் தொகுத்து வெளியிட்ட இந்தியப் பெண் எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பு, முத்துப்பழனியைப் பரவலாக அறிமுகம் செய்தது. பழைய நூல் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கொண்டு அதன் ஆசிரியரை மதிப்பிடும் முன், எது எந்த ஆண்டுப் பதிப்பு, பதிப்பாசிரியர் யார், எவை விடுபட்டன என்று பார்ப்பது அவசியம். 1887 பதிப்பை மட்டும் படித்தவருக்கு முத்துப்பழனி தம்மைப் பற்றிச் சொன்ன சொற்கள் கிடைத்திருக்காது. இன்று அவை நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த மற்றொரு பெண் இரு பிரதிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டதே.