வேகமா, கவசமா?

துணிச்சலும் தந்திரமும் நிறைந்த ஒருவனை, "அவன் பெரிய எம்டன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. எம்டன் ஒரு சிறிய குரூசர். அதன் கவசம் மெல்லியது, பீரங்கிகள் சிறியவை, விரைவே அதற்குத் துணை. ஏழே வாரத்தில், நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அது சிக்கியது. சிட்னி அதைவிட விரைவானது. அதன் பீரங்கிகளும் பெரியவை. எம்டனால் ஓடவும் முடியவில்லை. எதிர்த்து நிற்கவும் முடியவில்லை.

விரைவை நம்பிய கப்பல், தன்னைவிட விரைவான பகைவனைக் கண்டால் என்ன செய்வது? இக்கேள்வி பெருங்கப்பல்களையும் விடவில்லை. என் படிப்பு இயற்பியல். கப்பல் கட்டும் கலையன்று. ஆயினும் இதில் உள்ள கணக்கு நம் எவருக்கும் எட்டக்கூடியதே. ஆகவே ஒரு கப்பலைத் தாளில் கட்டிப் பார்க்க முனைந்தேன்.

முதலில் உண்மைக் கப்பல்கள் இரண்டைக் காண்போம். 1904 முதல் 1910 வரை பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஜான் பிஷர். அவர் காலத்தில் 1906-இல் முடிக்கப்பட்டது டிரெட்நாட் என்னும் போர்க்கப்பல். அதில் 12 அங்குலப் பீரங்கிகள் 10. பக்கக் கவசம் 11 அங்குலம். விரைவு மணிக்கு 21 கடல் மைல். எந்திரங்களின் ஆற்றல் 23,000 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு நீரில் இறங்கிய இன்வின்ஸிபிள் ஏறக்குறைய அதே எடை உடையது. விரைவோ 25 மைல். இந்த நான்கு மைலுக்கு அது கொடுத்த விலை என்ன? 41,000 குதிரைத்திறன் தேவைப்பட்டது. கொதிகலன்கள் 18-லிருந்து 31 ஆயின. பீரங்கிகள் எட்டாகக் குறைந்தன. கவசம் 6 அங்குலமாக மெலிந்தது. இவ்வகைக் கப்பலுக்குத்தான் போர்க் குரூசர் என்று பெயர்.

விலை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? கப்பல் விரைய விரைய, நீரின் தடை விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அத்தடையை எதிர்த்து நொடிதோறும் கடக்கும் தொலைவும் கூடுவதால், வேண்டிய ஆற்றல் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. விரைவை இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும். மிகு விரைவில் கப்பல் எழுப்பும் அலைகளும் தொல்லை தரும். உண்மைக் கணக்கு இதனினும் கொடிதாகலாம்.

இனி என் கப்பல். எடை 25,000 டன் என்று கொள்வோம். உடலுக்கு 9,000, பீரங்கிகளுக்கு 3,500, எரிபொருளுக்கும் சரக்குக்கும் 2,000. மீதி 10,500 டன். இதைத்தான் எந்திரமும் கவசமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இன்வின்ஸிபிளை அளவுகோலாகக் கொண்டு, ஒரு டன் எந்திரம் 12 குதிரைத்திறன் தரும் என்று வைத்துக் கணக்கிட்டேன்.

21 மைல் விரைவு போதுமென்றால் எந்திரம் 2,600 டன். கவசத்துக்கு 7,900 டன் மிஞ்சும். 25 மைலுக்கு எந்திரம் 4,400, கவசம் 6,100. 28 மைலுக்கு எந்திரம் 6,100; கவசம் 4,400. 30 மைலுக்கு எந்திரம் 7,500. கவசம் வெறும் 3,000. முதலில் ஒரு மைல் கூட்ட 450 டன் போதும். இறுதியில் ஒரு மைலுக்கு 700 டன் கேட்கிறது.

அந்த 3,000 டன்னில் என்ன செய்யலாம்? ஓரங்குலக் கனமுள்ள எஃகு, சதுர அடிக்குச் சுமார் 40 பவுண்டு. கப்பலின் இரு பக்கமும் 350 அடி நீளம், 15 அடி உயரத்துக்கு 10 அங்குலக் கவசம் போர்த்தினால் 1,900 டன் போய்விடும். அதே நீளத்துக்கு 80 அடி அகலமுள்ள தளத்தின் மேல் ஓரங்குலத் தகடு விரித்தால் இன்னும் 500 டன். எஞ்சும் 600 டன்னைக் கொண்டு பீரங்கிக் கூண்டுகள் அனைத்தையும் காக்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா?

எனவே நான் 25 மைலோடு நின்றேன். ஜெர்மானியர் கட்டிய டெர்ப்ளிங்கர் என் தாளுக்கு நெருங்கிய உண்மைக் கப்பல்: சுமார் 26,600 டன், 26½ மைல், 12 அங்குலக் கவசம்.

அப்படியானால் பிஷர் பிழை செய்தாரா? அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. 1914 டிசம்பர் 8-ஆம் நாள் பாக்லாந்து தீவுகளருகே இன்வின்ஸிபிளும் அதன் துணைக்கப்பல் இன்ப்ளெக்ஸிபிளும், எம்டன் முன்பு சேர்ந்திருந்த அணியின் இரு பெருங் குரூசர்களை விரட்டிப் பிடித்து மூழ்கடித்தன. விரைவு இருந்ததால் போரிடும் தொலைவைத் தாமே தேர்ந்துகொண்டன. இதற்காகவே கட்டப்பட்ட கப்பல்கள் அவை.

ஆனால் பெரிய பீரங்கி உடைய கப்பலைப் பெரிய போரில் ஒதுக்கி வைக்க யாருக்கு மனம் வரும்? 1916 மே 31-ஆம் நாள் ஜட்லாண்டுப் போரில் போர்க் குரூசர்கள் தமக்கு நிகரான பீரங்கிகளை எதிர்கொண்டன. இன்டிபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்ஸிபிள் ஆகிய மூன்றும் ஒரே நாளில் வெடித்துச் சிதறின. மாண்டவர் 3,300 பேருக்கு மேல். 'வெல்லற்கரியது' என்று பொருள்படும் பெயர் பூண்ட இன்வின்ஸிபிளில் பிழைத்தவர் அறுவரே.

மெல்லிய கவசந்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மை. விரைந்து சுட வேண்டும் என்ற வேட்கையில், கார்டைட் மருந்துப் பைகளை வெடிமருந்து அறைக்கு வெளியிலும் குவித்து வைக்கும் வழக்கம் இக்கப்பல்களில் பரவியிருந்தது. அறைக் கதவுகளும் திறந்தே கிடந்தன. கூண்டில் பற்றிய தீ நேரே அடியிலுள்ள அறைக்குப் பாய வழி ஏற்பட்டது. லயன் என்ற கப்பலிலும் ஒரு கூண்டு எரிந்தது. படுகாயமுற்ற நிலையில் மேஜர் பிரான்சிஸ் ஹார்வி வெடிமருந்து அறைக்குள் நீரைப் பாய்ச்ச ஆணையிட்டார். அவர் மாண்டார், கப்பல் பிழைத்தது. டெர்ப்ளிங்கரிலும் அன்று இரு கூண்டுகள் எரிந்து பாழாயின. ஆயினும் அது வெடிக்காமல் துறைமுகம் திரும்பியது. ஜெர்மானியரின் முதன்மை மருந்து பித்தளைக் குப்பிகளில் இருந்தது. அவர்கள் 1915-இலேயே ஸைட்லிட்ஸ் கப்பலில் இரு கூண்டுகளைத் தீக்கு இழந்து பாடமும் கற்றிருந்தனர்.

நண்பர்களே, நான் கண்ட உண்மை இதுதான். விரைவுக்காகக் கவசத்தை விற்கும் பேரம் இக்கப்பல்களில் இருமுறை நடந்தது. முதல் பேரம் வரைபட மேசையில் நடந்தது. 11 அங்குலம் 6 அங்குலமாவதை அறிந்தே கையெழுத்திட்டனர். இரண்டாவது பேரம் கடலில், திறந்த கதவின் வடிவில் நடந்தது. அதை எந்தத் தாளிலும் எவரும் கழிக்கவில்லை. முதற் பேரத்தின் விலையை ஒரு தளபதி எண்ணிப் பார்த்து, யாரோடு மோதலாம், யாரை விட்டு விலகலாம் என்று முடிவு செய்யலாம். இரண்டாவதன் விலை வெடித்த பிறகே தெரிந்தது.

நம்மில் பலர் நாளை பாலமோ, எந்திரமோ, அணையோ கட்டப் போகிறவர்கள். எதையாவது விட்டுக்கொடுக்காமல் எதையும் கட்ட முடியாது. எதை விட்டுக்கொடுத்தோம் என்பது தாளில் எழுதப்பட்டிருக்கட்டும். அதைக் கையாளப் போகிறவனும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கட்டும். என் 25,000 டன் கப்பலிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: வெடிமருந்து அறைக்கு இரட்டைக் கதவு, ஒன்று மூடினாலன்றி மற்றொன்று திறவாது. அதனால் சுடும் விரைவு சற்றுக் குறையும். அந்த விலையையும் பக்கத்திலேயே குறித்துவிட்டேன்.