பாதரசம்

உலோகம் என்றவுடன் இரும்பும் செம்பும் பொன்னும் வெள்ளியுமே நினைவிற்கு வரும். இவை யாவும் திண்ணியவை. உலையிலிட்டு உருக்கினாலன்றி நீர்மை எய்தாதவை. இவற்றின் இனத்தைச் சார்ந்ததாயினும் இயல்பால் வேறுபட்டு நிற்பது பாதரசம். அது வேறு வெப்பம் ஊட்டாமலே நீர்போல் ஓடும். ஆயினும் நீரைப்போல் தொட்டதை நனைக்காது. தரையிற் சிந்தினால் முத்து முத்தாகத் திரண்டு, பிடிக்கச் செல்லும் விரலுக்கு அகப்படாமல் உருண்டோடும். சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தாலன்றி அஃது உறைவதில்லை. ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோகிராம். ஒரு லிட்டர் பாதரசத்தின் எடையோ 13.6 கிலோகிராம். ஆதலால் இரும்புக் குண்டும் அதன்மீது மிதக்கும்.

இப்பொருளைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். சித்த மருத்துவ நூல்கள் இதனைச் சூதம் என்றும் இரசம் என்றும் கூறும். இலிங்கம் என்னும் செந்நிறத் தாதுப்பொருளிலிருந்து இது பிரித்தெடுக்கப்படுகின்றது. பாதரசமும் கந்தகமும் கூடிய கூட்டுப்பொருளே இலிங்கமாகும். பண்டைக் காலத்திற் கண்ணாடியின் பின்புறத்தில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த கலவையைப் பூசினர். பின்னர் அவ்வழக்கம் நீங்கி வெள்ளிப் பூச்சு வந்தது. எனினும் தெளிவிழந்த கண்ணாடியை இன்றும் ‘இரசம் போன கண்ணாடி’ என்றே மக்கள் வழங்குகின்றனர்.

அறிவியல் ஆய்விற்குப் பாதரசம் செய்த உதவி பெரிது. 1643 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி என்பார், காற்றுக்கும் அழுத்தம் உண்டு என்பதை ஒரு கண்ணாடிக் குழாயும் பாதரசமும் கொண்டு விளக்கினார். காற்றின் அழுத்தம் பாதரசத்தை ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரம் தாங்கி நின்றது. அதே சோதனைக்கு நீரைப் பயன்படுத்தியிருப்பின் 10 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள குழாய் வேண்டியிருக்கும். வெப்பத்தால் ஒரு சீராக விரியும் இயல்புடைமையின், வெப்பமானிகளிலும் பாதரசம் இடம்பெற்றது. இங்ஙனம் ஆய்வுக்கூடந்தோறும் அது குடிபுகுந்தது.

நன்மை செய்யும் பொருளே தீமையும் செய்தல் உண்டு. பாதரசத்தின் தீமை கண்ணுக்குப் புலனாவதன்று. அமிலம் தோலிற் பட்டால் உடனே எரியும், எரிச்சலே எச்சரிக்கையாகும். பாதரசமோ எரிவதுமில்லை, மணப்பதுமில்லை. அழகிய வெள்ளி மணியாக விளங்கி, தொட்டு விளையாடுமாறு சிறுவரை அழைக்கும். ஆனால், திறந்து கிடக்கும் பாதரசம் எப்பொழுதும் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கின்றது. அவ்வாவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

20 டிகிரி வெப்பமுள்ள மூடிய அறையில், ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 13 மில்லிகிராம் பாதரச ஆவியை ஏற்றுக்கொள்ளும். தொழிலகங்களுக்கு வல்லுநர் விதித்த எல்லைகளுள் ஒன்று, கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம் என்பதாகும். முன்னது பின்னதைப்போல் ஐந்நூறு மடங்கிற்கும் மேற்பட்டது. வெப்பம் 30 டிகிரியானால் ஆவியின் அளவு இருமடங்கிற்கு மேலாகும். ஆகவே, வெப்பம் மிகுந்த நாடுகளில் விழிப்பும் மிகுதியாக வேண்டும்.

சிந்திய பாதரசம் பெருந்துளியாக இருப்பதினும் சிறுதுளிகளாகச் சிதறுவது கேடு மிகுந்தது. 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளி, 0.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஆயிரம் துளிகளாகச் சிதறியதாகக் கொள்வோம். பாதரசத்தின் அளவு கூடவில்லை. ஆனால் காற்றுப்படும் பரப்பு பத்து மடங்காகப் பெருகிவிடும். பரப்புப் பெருகவே ஆவியாகும் விரைவும் பெருகும். அத்துளிகள் தரைப் பிளவுகளிலும் மேசை இடுக்குகளிலும் புகுந்து, நெடுநாள் நின்று நஞ்சு உமிழும்.

பாதரசத்தை விழுங்கினால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. நீர்வடிவப் பாதரசம் வயிற்றுக்குட் சென்றால் மிகச் சிறு பகுதியே குருதியிற் கலக்கும். மூச்சின் வழியாக ஆவி உட்சென்றாலோ அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு உடலில் தங்கிவிடும். அது குருதியோடு மூளையையும் சிறுநீரகத்தையும் சென்றடையும். கைந்நடுக்கம், ஈறு வீக்கம், உறக்கமின்மை, காரணமற்ற சினம், மறதி முதலியன அதனால் விளையும். முற்காலத்தில் ஐரோப்பாவில் மயிர்த்தொப்பி செய்வோர் பாதரச உப்பைப் பயன்படுத்தினர். அதனால் அவருட் பலர் நடுக்க நோய்க்கு ஆளாயினர்.

கற்றறிந்த அறிஞரையும் இந்நஞ்சு விட்டுவைக்கவில்லை. ஜெர்மனி நாட்டு வேதியியல் அறிஞர் ஆல்பிரட் ஸ்டாக் என்பார், பாதரசம் நிறைந்த கருவிகளைக் கொண்டு பல்லாண்டு ஆய்வு செய்தார். தலைவலியும் தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. தம் ஆய்வுக்கூடத்துக் காற்றே தம் நோய்க்குக் காரணம் என்பதை நெடுங்காலம் கழித்தே உணர்ந்தார். உணர்ந்தபின் அவர் அதனை மறைக்கவில்லை. தாம் பட்ட துன்பத்தை 1926 ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுதி, பிற ஆய்வாளரை எச்சரித்தார். அவ்வெழுத்து பலருடைய கண்களைத் திறந்தது.

நீர்நிலையிற் சேரும் பாதரசம் செய்யும் கேடு இன்னும் கொடிது. ஜப்பான் நாட்டு மினமாட்டா என்னும் ஊரில், ஒரு தொழிற்சாலையின் கழிவோடு பாதரசக் கூட்டுப்பொருள் கடலிற் கலந்தது. அது மீன்களின் உடலிற் சேர்ந்தது. மீன் உண்ட மக்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956 ஆம் ஆண்டில் அந்நோய் வெளிப்பட்டது. கருவிலிருந்த குழந்தைகளும் அதற்குத் தப்பவில்லை. தமிழ்நாட்டிலும் இதற்கொரு படிப்பினை உண்டு. கோடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, பழைய பொருள் விற்கும் இடத்திற் கண்டறியப்பட்டது. அத்தொழிற்சாலை 2001 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தைக் கையாள்வோர் சில நெறிகளை மறவாது கைக்கொள்ளல் வேண்டும். பாதரசக் குப்பியை இறுக மூடி, விளிம்புள்ள தட்டின்மீது வைத்தல் வேண்டும். வெறுங்கையால் அதனைத் தொடுதல் ஆகாது. மோதிரம், வளையல் முதலிய பொன்னணிகளை முன்னரே கழற்றிவிடுதல் நன்று. பொன்னில் பாதரசம் பட்டால் இரண்டும் கலந்து அணி வெளுத்துக் கெடும். திறந்த கலத்தில் பாதரசத்தைச் சூடாக்குதல் ஒருபோதும் கூடாது. ஆய்வுக்கூடத்தில் உண்ணலும் பருகலும் ஆகா.

வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்திவிடின் என் செய்வது? முதலில் ஆசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும். அவ்விடத்தை மிதியாமல் மாணவர் வெளியேற, வெளிப்புறச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துதல் வேண்டும். துடைப்பத்தால் பெருக்குதல் பெரும்பிழை; அது துளிகளை மேலும் நுண்ணியவாகச் சிதறச் செய்யும். தூசியுறிஞ்சும் கருவியோ ஆவியை அறை முழுதும் பரப்பும். ரப்பர்க் கையுறை அணிந்த ஆசிரியர், இரண்டு கெட்டி அட்டைகளால் துளிகளை மெல்ல ஒன்றுகூட்டி, சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்தல் வேண்டும். கைவிளக்கைத் தரையையொட்டிச் சாய்த்துப் பிடித்தால், ஒளிந்திருக்கும் துளிகள் மின்னித் தம்மைக் காட்டிக்கொடுக்கும். நுண்டுளிகளை ஒட்டுத்தாளால் ஒற்றி எடுக்கலாம்.

இடுக்குகளில் எஞ்சியவற்றின்மீது கந்தகப் பொடியைத் தூவுவர். கந்தகம் பாதரசத்தோடு மெல்லக் கூடி, ஆவியாகாத திண்பொருளாக அதனை மாற்றும். மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாதரசத்தை, அது முன்னிருந்த துணையோடு மீண்டும் சேர்த்தல் என்றே இதனைச் சொல்லலாம். திரட்டிய பாதரசத்தைக் கெட்டி மூடியுள்ள குப்பியிலிட்டு, பெயர் எழுதி ஒட்டி, அதற்குரிய கழிவு மையத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கழிநீர்த் தொட்டியிலோ குப்பையிலோ எறிதல் தகாது.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. கருவியை உடைத்த மாணவன், தண்டனைக்கு அஞ்சித் துளிகளை மேசையடியிலே தள்ளி மறைத்துவிட்டால், அதன்பின் அவ்வறையில் அமரும் ஒவ்வொரு மாணவனும் அறியாமலே நஞ்சை உட்கொள்வான். உடைந்த கருவியின் விலை சிறிது. மறைத்த நஞ்சின் விலை பெரிது. ஆதலின், உண்மையை உடனே உரைப்பது மாணவன் கடமை. உரைத்தவனைச் சினவாதிருத்தல் ஆசிரியர் கடமை. இவ்விரண்டும் உள்ள ஆய்வுக்கூடமே பாதுகாப்புடையது.

பாதரசத்தின் பயன்பாட்டைக் குறைக்கும்பொருட்டு உலக நாடுகள் 2013 ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றன. அது 2017 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 ஆம் ஆண்டில் அதில் இணைந்தது. சாயமூட்டிய சாராய வெப்பமானிகளும் மின்னணு வெப்பமானிகளும் பாதரச வெப்பமானிகளின் இடத்தைப் பெற்று வருகின்றன. எனினும் பழைய கருவிகள் பல பள்ளிப் பேழைகளில் இன்னும் உறங்குகின்றன. அவற்றைக் கையில் எடுப்போர், பொருளின் அழகைக் கண்டு மயங்காமல் அதன் இயல்பை அறிந்து நடத்தலே அறிவுடைமையாகும்.