பழைய காருக்குப் புது உயிர்!

சென்னை தி.நகரில் உள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போயிருக்கிறீர்களா? அவர் பயன்படுத்திய அம்பாசிடர் காரை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் எண் டி.எம்.எக்ஸ். 4777.

நினைவுப்பொருள் என்பதால் அந்தக் கார் நிற்கிறது. ஆனால், பழைய கார்ப் பிரியர்களுக்கு வேறு ஓர் ஆசை உண்டு. 'கார் என்றால் ஓட வேண்டும்!' என்பார்கள் அவர்கள். அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் தெரியுமா?

முதல் எதிரி, துரு! இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். உப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலேயே உப்பு இருக்கிறதே! அதிலும் பாவம், பின்புறம் திறந்திருக்கும் பிக்கப் வண்டிகள். மூட்டை சுமந்து சுமந்து தரையில் பெயிண்ட் உரிந்துபோகும். அங்கே மழைத் தண்ணீர் தேங்கினால் தகடு ஓட்டையாகிவிடும். டிங்கர் வேலை செய்பவர் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டைப் பற்றவைப்பார்.

அடுத்தது, எஞ்சின். 'பழையதைக் கழற்றிவிட்டுப் புது எஞ்சினை மாட்டினால் என்ன?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்! 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். அதன் எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். ஆனால், எஞ்சினிலோ உடற்கூட்டிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே, பழைய எஞ்சினைத்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

அதற்கு உதிரிபாகம் வேண்டுமே! 1961 முதல் சென்னையில் தயாரான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த நிறுவனம் 1980-களின் இறுதியில் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. எனவே, பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், உடைந்ததை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அளவெடுத்து, புதிதாகக் கடைந்து வாங்க வேண்டும்.

இந்தக் கைவேலை சென்னைக்குப் புதிதல்ல. 1903-லேயே மவுன்ட் ரோடு சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் காரை உருவாக்கிக் காட்டினார். அது குதிரை வண்டிகள் செய்துவந்த நிறுவனம்!

ஒரு சின்னப் பாகத்துக்காகவா இத்தனை அலைச்சல் என்கிறீர்களா? ஜப்பான் கதையைக் கேளுங்கள்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன், சைக்கிள் பம்பைப் போல மேலும் கீழும் போய் வரும். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் வேறு விதமாக யோசித்தார். இரட்டைப் பருப்பு வேர்க்கடலையின் ஓட்டைக் கற்பனை செய்யுங்கள். அதுபோல நடுவில் லேசாக ஒடுங்கிய அறைக்குள், பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் சுழல்கிறது. சுவருக்கும் முக்கோணத்துக்கும் நடுவே உள்ள இடம் விரிந்து சுருங்கும்போது, எரிபொருள் கலந்த காற்று உள்ளே வந்து, அழுந்தி, எரிந்து, புகையாக வெளியேறுகிறது. இதுதான் ரோட்டரி எஞ்சின்! 1957-ல் இது முதன்முதலாக ஓடியது.

முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டை போன்ற 'சீல்' உண்டு. அது தேய்ந்தால் வாயு கசியும். எஞ்சின் சக்தி இழக்கும். ஹிரோஷிமாவின் மஸ்டா நிறுவனம் இந்த எஞ்சினைச் செய்தபோது, சீல் உரசி உரசி உட்சுவரில் அலை அலையாகக் கீறல்கள் விழுந்தன. பொறியாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயர், 'பிசாசின் நகக்கீறல்'!

கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் போராடினார்கள். பல பொருள்களில் சீல் செய்து பார்த்தார்கள். கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் கைகொடுத்தது. 1967-ல் 'காஸ்மோ ஸ்போர்ட்' கார் விற்பனைக்கு வந்தது. 1974 முதல் 1977 வரை ரோட்டரி பிக்கப் வண்டிகூட வந்தது. 1991-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ரோட்டரி கார் முதலிடம் பிடித்தது!

பார்த்தீர்களா? உள்ளங்கையில் அடங்கும் ஒரு பட்டைதான் அந்த எஞ்சினின் தலையெழுத்தையே மாற்றியது. அந்தக் காலத்துக் கார்களின் இதுபோன்ற நுணுக்கங்கள் பல, வயதான மெக்கானிக்குகளின் கைகளிலும் நினைவிலும்தான் இருக்கின்றன. அவர்களிடம் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், அவர்களோடு அவையும் போய்விடும்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு மெக்கானிக் தாத்தா இருக்கிறாரா? வேலையில்லாத நேரமாகப் பார்த்து, அப்பாவோடு போய்ப் பேசுங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும், சரியா?