இருபது நிமிடம் போதும், தினமும் வேண்டும்

வானொலியில் 'இளைய நிலா' ஒலிக்கும்போதெல்லாம் ஒரு நேயராவது வாட்ஸ்அப்பில் எழுதிவிடுவார்: "இதைக் கிட்டார்ல வாசிக்கணும்னு ஆசை. நேரம்தான் இல்ல." 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாடல் அது; கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். நாற்பது ஆண்டு கடந்தும் கோல சிலாங்கூர் பக்கத்தில் இளைஞர்களைக் கிட்டார் வாங்க வைப்பது அந்த இசைதான் என்பது என் கணிப்பு.

வாங்குவது எளிது. மூன்றாவது வாரம்தான் சிரமம். விரல் நுனி எரியும். ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு விரல் மாறுவதற்குள் பாட்டு ஒரு வரி ஓடிவிடும். பிறகு கிட்டார் கதவுக்குப் பின்னால் தொங்கும்.

ஈஜோக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் என் சித்தப்பா மகனின் கிட்டாரும் அப்படித்தான் தொங்கியது. ஞாயிறு மட்டும் எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டுவான். அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. "அதே நேரத்தை ஏழாகப் பிரிடா தம்பி, நாளுக்கு இருபது நிமிடம்" என்றேன்.

கணக்கு ஒன்றுதானே என்று நீங்களும் கேட்கலாம். அமெரிக்காவில் மேத்யூ வாக்கர் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், இரவு தூங்கி எழுந்ததும், இடையில் பழகாமலே ஏறத்தாழ 20 விழுக்காடு வேகமாகத் தட்டினார்கள். பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஞாயிறு மட்டும் பழகுபவருக்கு வாரத்தில் ஓர் இரவுதான் கிடைக்கிறது. தினமும் பழகுபவருக்கு ஏழு.

விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நேரம் குறித்து நடப்பது நமக்குப் புதிதல்ல. ஷிப்ட் மாறினாலும் மாறாத ஒன்றோடு பயிற்சியைக் கட்டிவிடுங்கள். குளித்த பின், தேநீருக்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு நிமிடம் சுருதி சேர்க்க. கைப்பேசிச் செயலியே போதும். அடுத்த நான்கு நிமிடம், ஒவ்வொரு தந்தியிலும் நான்கு விரல்களும் வரிசையாக, மெதுவாக. சரளி வரிசை பாடியவர்களுக்கு இது தெரிந்த வழிதான்: முதல் காலம் சுத்தமாக வந்த பிறகே இரண்டாம் காலம். இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவர்.

அடுத்த எட்டு நிமிடம்தான் உயிர்நாடி. இரண்டே கார்டு எடுங்கள். ஈ மைனர், ஏ மைனர் நல்ல தொடக்கம். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி, காலண்டர் தாளில் எழுதுங்கள். இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும் ஆஸ்திரேலியர் ஜஸ்டின் சாண்டர்கோவின் பயிற்சி இது. தம்பியின் காலண்டரில் முதல் நாள் 9. பிறகு 11, 10, 14. இரவு ஷிப்ட் வாரத்தில் மூன்று கட்டம் காலி. ஆறாவது வாரம் 38. என்னைக் கேட்டால் 30 வந்ததுமே பாட்டுக்குள் நுழையலாம். எஃப் கார்டை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

மீதி ஆறு நிமிடம் ஒரு பாட்டு. தப்பினாலும் நிறுத்தாமல் போங்கள். தாளத்துக்குச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் போதும். நொடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு 60. 'இளைய நிலா' மட்டும் முதல் பாட்டாக வேண்டாம். தந்திகளைத் தனித்தனியாக மீட்டும் அந்த வேலைக்கு வலக்கை தயாராக மாதங்கள் ஆகும். மூன்று நான்கு கார்டில் முடியும் பாட்டாகப் பாருங்கள்.

மலிவு விலை வீடுகளில் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டு அக்கா தூங்க வேண்டுமென்றால், பிரிட்ஜ் அருகே தந்திகளுக்கு அடியில் ஒரு துணியை மடித்துச் செருகுங்கள், ஓசை அடங்கிவிடும். வாசித்து முடித்ததும் அதே துணியால் தந்திகளைத் துடைத்துவிடலாம். வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் இரும்புத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டு வராதீர்கள். சூட்டில் பசை இளகி பிரிட்ஜே பெயர்ந்துவிடும்.