மோட்டார் வண்டியின் முகவிளக்கும் அதன் பொருத்தமும்

மோட்டார் வண்டியொன்றின் எதிரே நின்று அதன் முகத்தை நோக்குவோர் விளக்கின் பளபளப்பையும் வர்ணத்தின் மெருகையும் காண்பரேயன்றி, விளக்குக்கூட்டிற்கும் அதனைச் சூழ்ந்த தகட்டிற்கும் நடுவே ஓடும் மெல்லிய இடைவெளியைக் காண்பவர் மிகச் சிலரே. யானும் நெடுநாள் அதனைக் கண்டவனல்லேன். காணும்படி நேர்ந்த வரலாற்றை முதற்கண் கூறிப் பின்னர் விஷயத்திற்கு வருவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வண்டியின் வலப்பக்க முன்மூலை ஒரு வாயிற்றூணில் இடித்து, மட்கார்டு நெளிந்து, விளக்கும் உடைந்தது. டிங்கர் வேலை செய்யும் பட்டறையொன்றில் அதனை விட்டேன். அங்குள்ளார் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசி வர்ணமடித்துப் புதுவிளக்கொன்றையும் மாட்டித் தந்தனர். விளக்கின் ஓரத்து இடைவெளி முன்னே ஒடுங்கியும் பின்னே விரிந்தும் இருந்தமை கண்டு வினவினேன். “கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் சார், கண்ணுக்குத் தெரியாது” என்றார் ஒருவர். அழகிற்குத்தானே குறைவு என்று யானும் வாளா இருந்துவிட்டேன். அன்றுதொட்டு, இரவில் எதிர்வரும் லாரிக்காரர் பலர் என்னை நோக்கித் தம் விளக்கை ஏற்றியும் இறக்கியும் காட்டலாயினர். அவரை மரியாதை அறியாதவர் என எண்ணினேன். பின்பு ஒருநாள், உறவினர் மூவரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மணவீடு செல்கையில், ஒரு பாலத்தின் ஏற்றத்தில் எதிரே ஸ்கூட்டரில் வந்தவர் கையாற் கண்ணை மறைத்தார். மறுகணமே தார்ச்சாலையை விட்டுச் சரளையில் இறங்கி விழுந்தார். நல்லகாலமாக முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். ஓடிச்சென்று தூக்கினேன். “டிம் போட்டா என்ன சார்?” என்றார். “டிம்மிலேதான் ஐயா வந்தேன்” என்றேன். யான் சொன்னது பொய்யன்று. ஆதலினாற்றான் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நிற்க. பழைய வண்டிகளுக்கு இத்தொல்லை பெரிதும் இருந்ததில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1940-ஆம் ஆண்டின் வண்டிகள் முதலாக, ஏழங்குல விட்டமுடைய வட்டவிளக்கே பொது அளவாயிற்று. நம் நாட்டிலே, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டுவந்த அம்பாசிடர் வண்டியின் முகத்திலும் வட்டவிளக்கையே கண்டோம். வட்டமானது எப்பக்கம் திருகினும் வட்டமே. அன்றியும், அதன் விளிம்பை ஒரு வளையம் மூடிக்கொள்ளுமாதலின் உள்ளே நேர்ந்த சிறுபிழை வெளியே தோன்றாது. இக்காலத்து விளக்கோ அத்தகையதன்று. பானெட்டின் கீழே தொடங்கி, மூலையை வளைந்து, மட்கார்டின் மேலே பின்னோக்கி ஓடி, வாலைப்போல் ஒடுங்கி முடிவது. மேலே பானெட், புறத்தே மட்கார்டு, கீழே பம்பர் என அதற்கு அயலார் மூவர். மூவரோடும் ஒருங்கே இசைந்திருத்தல் வேண்டும்.

இவ்விளக்கின் கூடு பிளாஸ்டிக்கினால் ஆயது. அதிலே மூன்று அல்லது நான்கு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அக்காதுகளின் வழியே போல்ட்டுகளைச் செலுத்தி வண்டியின் முன்சட்டத்தோடும் மட்கார்டோடும் அதனைப் பிணிப்பர். கூட்டினுள்ளே ஒளியை எறியும் கிண்ணம் தனியே தொங்கும். அதனை ஏற்றவும் இறக்கவும் கூட்டின் பின்புறத்தே திருகாணிகள் உண்டு. ஆகவே, கூட்டைத் தகட்டோடு பொருத்துவது ஒன்று. ஒளியைச் சாலையோடு பொருத்துவது மற்றொன்று. முன்னதைப் பிழையாகச் செய்தால் பின்னது தானே பிழைபடும். முன்னதைத் திருத்தியதனால் மட்டும் பின்னது திருந்திவிடும் என்பதுமில்லை.

எத்துணைப் பிழை எத்துணைத் தீங்கு செய்யும் என்பதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். டிம் ஒளியின் மேல்விளிம்பு 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. தாழும்படி, அஃதாவது நூற்றுக்கு ஒன்று என்னும் சரிவில், வைப்பது வழக்கம். என் வண்டியின் விளக்கு நிலத்தினின்று 65 செ.மீ. உயரத்தில் உள்ளது. ஆகவே ஒளியின் விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொடவேண்டும். கூட்டின் முன்காதிற்கும் வாற்காதிற்கும் இடையே 30 செ.மீ. நீளம். வாற்காது 3 மி.மீ. தாழ்ந்துவிட்டதென்று கொள்வோம். முந்நூறு மில்லிமீட்டருக்கு மூன்று என்பதும் நூற்றுக்கு ஒன்றேயன்றோ? கூட்டின் முகம் அவ்வளவு நிமிர, சரிந்து செல்லவேண்டிய ஒளி சமமாய்ச் செல்லும். தரையைத் தொடவே தொடாது. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து வண்டியின் மூக்கு இன்னும் நூற்றுக்கு ஒன்று எழுந்ததாயின், 50 மீட்டரில் ஒளியின் விளிம்பு 115 செ.மீ. உயரத்தில் நிற்கும். எதிரே காரோட்டி வருபவரின் கண் ஏறக்குறைய அவ்வுயரத்தில்தான் உளது. பாலத்தின் ஏற்றமும் கூடினால் ஸ்கூட்டரில் வருபவர் கண்ணும் தப்பாது. என் விளக்கின் இடைவெளியை அளந்தபோது முன்னே 3 மி.மீ., வாலின் நுனியில் 6 மி.மீ. இருந்தது. பட்டறையார் கண்ணுக்குத் தெரியாது என்ற வேறுபாடு அந்த மூன்று மில்லிமீட்டரே.

இனித் திருத்தும் முறை. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் செய்ய, யான் உடனிருந்து கண்டதனையே கூறுகின்றேன். அவர் முதலில் விளக்கைத் தொடவேயில்லை. கதவிற்கும் மட்கார்டிற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். பின்பு மட்கார்டிற்கும் பானெட்டிற்கும் உள்ளதனைப் பார்த்தார். “மட்கார்டு கோணலா இருந்தா, லைட்டை அதுக்குச் சரியா வச்சு என்ன பிரயோஜனம் சார்?” என்றார். கதவைக்கொண்டு மட்கார்டையும், மட்கார்டைக்கொண்டு பானெட்டையும், அவ்விரண்டையும் கொண்டு விளக்கையும், யாவற்றிற்கும் இறுதியிற் பம்பரையும் சரிசெய்தல் முறை. பானெட்டின் உயரத்தை அதன் கீழே இருபுறமும் உள்ள ரப்பர்த் தாங்கிகளைத் திருகி மாற்றலாம். விளக்கு உயர்ந்துவிட்டதென்று பலர் மயங்குவது பெரும்பாலும் இத்தாங்கி தாழ்ந்திருத்தலினாலேயாம்.

தகட்டின் ஓரங்களிற் காகித நாடா ஒட்டி வர்ணத்தைக் காத்துக்கொண்டு, பம்பரைக் கழற்றி, ஒவ்வொரு வாஷரைச் சுற்றியும் பென்சிலாற் கோடிட்டார். பழைய நிலையை அறியாமல் புதிய நிலையைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போலாம். பின்பு போல்ட்டுகளை முற்றும் கழற்றாது, கூடு கையால் அசையுமளவே தளர்த்தினார். துளைகள் நீள்வட்டமாக இருத்தலின் கூடு சிறிது நகரும். சில வண்டிகளிற் போல்ட்டைச் சூழ்ந்து மறையுள்ள பிளாஸ்டிக் குழலொன்று இருக்கும். அதனைத் திருகினால் கூடு முன்னும் பின்னும் நகரும். எங்கள் வண்டியிற் குழலுமில்லை. துளையின் எல்லையும் போதவில்லை. வாற்காதைத் தாங்கும் இரும்புப்பட்டையே இடிபட்ட அன்று வளைந்திருந்தது! பட்டறையார் அதனை நிமிர்த்தாது போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டிருந்தனர். பட்டையைக் கழற்றி நிமிர்த்தி மாட்டியபின் விளக்கு தன்னிடத்தில் தானே அமர்ந்தது.

இறுக்கும்போதும் ஒரு போல்ட்டை முழுதும் இறுக்கியபின் மற்றொன்றிற்குச் செல்லலாகாது. மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் பானெட்டை மெல்ல இறக்கிப் பார்த்தல் வேண்டும். விசையோடு அறைந்து மூடி, புதுவிளக்கின் கண்ணாடியைக் கீறினோர் பலர். கையால் நெட்டித்தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குவது இன்னும் பெருந்தவறு. அன்றைக்கு இடைவெளி அழகாகத் தோன்றும். காதோ ஓயாது இழுபட்டுச் சாலையின் அதிர்ச்சியில் ஒருநாள் முறியும்.

இடைவெளியே இல்லாதபடி நெருக்கி வைத்தாலென்ன என்று வினவுவாருமுளர். கண்ணாடி என நாம் சொல்லும் விளக்கின் முகம் மெய்யாகப் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அது வெப்பத்தால் இரும்பைவிட ஐந்து மடங்கிற்கு மேல் விரியும் இயல்பினது. அரை மீட்டர் நீளமுள்ள முகம், விடியற்காலைக்கும் நண்பகல் வெயிலுக்கும் 30 பாகை வேறுபடுமாயின், ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், அருகிலுள்ள இரும்புத்தகடோ அதில் ஐந்திலொரு பங்கும் நீளாது. எனவே செய்தவர் விட்ட இடைவெளி வீணன்று.

கூடு அமர்ந்தபின், சமதரையில் ஒரு சுவரெதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். சக்கரங்களிற் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுபவர் இடத்தில் யான் அமர்ந்து, உள்ளிருந்து ஒளியைத் தாழ்த்தும் சிறு சக்கரத்தைச் சுழியில் வைத்தேன். சுவரில் 65 செ.மீ. உயரத்தில் ஒரு கோடும் 55 செ.மீ. உயரத்தில் ஒரு கோடும் இட்டோம். முன்னாளிரவு பார்த்தபோது இடவிளக்கின் ஒளிவிளிம்பு கீழ்க்கோட்டிலும் வலவிளக்கின் விளிம்பு மேற்கோட்டிலும் நின்றன. இப்பொழுது வலவிளக்கு கீழ்க்கோட்டிற்கு ஒரு விரற்கிடை மேலே நின்றது. திருப்புளியால் திருகாணியைச் சிறிதே திருப்ப, இரண்டும் ஒத்தன. கூட்டைத் தொடாமல் இத்திருகாணியாலேயே அன்றைய பிழையைப் போக்கியிருக்கலாகாதா என்று கேட்டேன். “போக்கலாம் சார். ஆனா வளைஞ்ச பட்டை ஆடிக்கிட்டே இருக்கும், மாசத்துக்கொரு தடவை திருப்பிக்கிட்டே இருக்கணும்” என்றார்.

இப்பொழுது லாரிக்காரர் எவரும் எனக்கு விளக்குக் காட்டுவதில்லை. பம்பரின் மூலையில் மட்டும் இடைவெளி அரை மில்லிமீட்டர் விரிந்தே உளது. அது பம்பரின் குறை. விளக்கினதன்று என்று மெக்கானிக் சொல்ல, அதனை அப்படியே விட்டிருக்கின்றேன்.