2050-ல் லண்டன் பார்சிலோனா போல ஆகுமா? ‘கிளைமேட் அனலாக்’ கணக்கு சொல்வது என்ன?

“பூமியின் வெப்பநிலை 2 டிகிரி உயரும்” என்று செய்தியில் சொன்னால், பலருக்கும் முதலில் தோன்றுவது, “2 டிகிரிதானே, அதுல என்ன வந்துடப் போகுது?” என்பதுதான். காலையிலிருந்து மதியத்துக்குள்ளேயே 8, 10 டிகிரி ஏறி இறங்கும் ஊர்களில், 2 என்ற எண் யாரையும் அசைக்காது.

அதையே, “2050-ல் லண்டனின் காலநிலை இன்றைய பார்சிலோனா போல இருக்கும்” என்று சொன்னால் சட்டென்று புரிகிறது. பார்சிலோனாவில் கோடை எப்படி இருக்கும், மழை பொய்த்தால் தண்ணீருக்கு என்ன செய்வார்கள், வீடுகளை எப்படிக் கட்டுவார்கள் என்பதை இன்றே போய்ப் பார்த்துவிடலாம். இப்படி ஒரு நகரத்தின் நாளைய காலநிலைக்கு, இன்றைக்கே அதே நிலையில் இருக்கும் இன்னொரு ஊரைத் தேடிப் பிடிப்பதற்குப் பெயர்தான் ‘கிளைமேட் அனலாக்’. தமிழில் ‘ஒப்புமைக் காலநிலை’ எனலாம்.

ஜோடி சேர்ப்பது எப்படி?

சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்துத் தேடினால், பாலைவன ஊரும் கடலோர ஊரும் ஒன்றாகத் தெரியும். அதனால் பல அளவுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதிக வெயில் அடிக்கும் மாதம், அதிகக் குளிர் மாதம், எந்தப் பருவத்தில் எவ்வளவு மழை, பருவத்துக்குப் பருவம் எவ்வளவு வித்தியாசம் என எல்லாமே கணக்கில் வரும்.

பிறகு, கணினி காலநிலை மாதிரிகளைக் கொண்டு அந்த நகரத்தின் எதிர்கால அளவுகளைக் கணிக்கிறார்கள். கடைசியாக, அந்த அளவுகளுக்கு இன்று மிக நெருக்கமாக இருக்கும் ஊர் எது என்று தேடுகிறார்கள். கிடைக்கும் ஊர்தான் ஜோடி.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் உலகின் 520 பெரிய நகரங்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டார்கள். பயன்படுத்தியவை 19 அளவுகள். கார்பன் வெளியேற்றம் ஓரளவு கட்டுக்குள் வரும் என்று வைத்துக்கொண்டே பார்த்தும், 77 சதவீத நகரங்களின் காலநிலை 2050-க்குள் பெரிய அளவில் மாறும் என்று தெரிந்தது. லண்டனுக்கு பார்சிலோனா, மாட்ரிட்டுக்கு மொராக்கோவின் மராகேஷ், ஸ்டாக்ஹோமுக்கு புடாபெஸ்ட் என ஜோடிகள் அமைந்தன. வட அரைக்கோள நகரங்கள் ஏறத்தாழ 1,000 கி.மீ. தெற்கே இடம் பெயர்ந்தது போன்ற நிலை இது.

வெயில் வரும், ஊர் வராது

“அப்போ லண்டன்காரங்களுக்கு ஜாலிதானே, வீட்டு வாசல்லயே ஸ்பெயின் வெயில்” என்று நினைக்கத் தோன்றும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பார்சிலோனாவின் வெயில் லண்டனுக்கு வரலாம். வெயிலைத் தடுக்கும் ஜன்னல் கதவுகளும், அந்த வெயிலிலேயே வளர்ந்தவர்களின் பழக்கமும் கூடவே வராது. குளிர்காலத்தில் சூடு வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்று கட்டப்பட்டவை லண்டன் வீடுகள். கோடையில் அதே சுவர்கள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதற்கு 2050 வரை காத்திருக்கத் தேவையில்லை. 2022 ஜூலை 19 அன்று பிரிட்டன் வரலாற்றிலேயே முதல் முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. லண்டன் ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவானது. அதற்கு முந்தைய நாள் லூட்டன் விமான நிலைய ஓடுபாதை வெப்பத்தால் பழுதாகி, விமானங்கள் நிறுத்தப்பட்டன. தண்டவாளம் வளைந்துவிடும் என்ற அச்சத்தில் ரயில்கள் மெதுவாக ஓட்டப்பட்டன. அந்தக் கோடையின் வெப்ப அலைகளில் இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்கள் மட்டும், வழக்கத்தைவிட சுமார் 2,800 பேர் கூடுதலாக இறந்தார்கள்.

பார்சிலோனாவின் கஷ்டமும் லண்டனுக்கு ஒரு பாடம்தான். 2008 வறட்சியில் அந்த நகரத்துக்குக் கப்பலில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் மீண்டும் வறட்சி அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

இதை வைத்து என்ன செய்யலாம்?

இன்று நடும் மரம், போடும் வடிகால், கட்டும் பள்ளிக்கூடம் எல்லாம் 50 ஆண்டுகள் கழித்தும் இருக்கும். பழைய காலநிலையை மனதில் வைத்துக் கட்டினால் பாதி வயதிலேயே பயனற்றுப் போகலாம். ஜோடி ஊரில் எந்த மரம் தாக்குப்பிடிக்கிறது, என்ன கூரை போடுகிறார்கள் என்று பார்த்து முன்கூட்டியே திட்டமிட இந்தக் கணக்கு உதவும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் தாவரவியல் பூங்கா, 2090-ல் நிலவப்போகும் காலநிலையைத் தாங்கும் செடி, மரங்களுக்கு இப்போதே படிப்படியாக மாறி வருகிறது.

ஜோடியே இல்லாத நகரங்கள்

சூரிச் ஆய்வில் இன்னொரு தகவலும் வந்தது. 22 சதவீத நகரங்களுக்கு ஜோடி ஊரே கிடைக்கவில்லை. அவை சந்திக்கப்போகும் காலநிலை, இன்று உலகின் எந்தப் பெரிய நகரத்திலும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை வெப்ப மண்டலத்தில் இருக்கின்றன. தமிழர்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இந்தப் பட்டியலில் உண்டு.

காரணம் எளிது. லண்டன் சூடானால் தெற்கே பார்த்துக் கற்றுக்கொள்ள பார்சிலோனா இருக்கிறது. சிங்கப்பூரோ ஏற்கெனவே நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஆண்டு முழுக்க வெயிலும் ஈரப்பதமுமாக இருக்கும் ஊர். அதைவிடச் சூடான, அதே அளவு மழை பெய்யும் பெரிய நகரம் வேறு எங்கே இருக்கிறது? காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது, உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது. அதனால் இங்கே ஒரு டிகிரி கூடினாலும் உடம்புக்குத் தெரியும். இப்படிப்பட்ட நகரங்கள் வழியைத் தாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டடங்கள், காற்று, மரநிழல் எல்லாவற்றையும் கணினியில் மாதிரியாக்கிப் பார்க்கும் ‘கூலிங் சிங்கப்பூர்’ ஆய்வுத் திட்டம் 2017-லேயே தொடங்கிவிட்டது.

அப்படியே நம்பலாமா?

இது ஜோசியம் இல்லை, ஒப்பீடு மட்டுமே. வெப்பமும் மழையும் பொருந்தினாலும் மண், கடல், பகல் நேரம் மாறாது. லண்டனின் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும், பார்சிலோனாவில் அது சுமார் 15 மணி நேரம்தான். சராசரிகளை வைத்துப் போடும் கணக்கு என்பதால், திடீர் வெப்ப அலையும் ஒரே நாளில் கொட்டும் மழையும் இதில் முழுசாகத் தெரியாது.

ஜோடி ஊர் எது என்பதும் முடிந்துபோன விஷயமல்ல. அமெரிக்கா, கனடாவின் 540 நகரங்களுக்கு 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு, 2080 வாக்கில் என்ன ஆகும் என்று இரண்டு வழிகளில் கணக்குப் போட்டது. கார்பன் வெளியேற்றம் இதே வேகத்தில் கூடிக்கொண்டே போனால், வாஷிங்டனுக்கு ஜோடி தெற்கே இருக்கும் மிசிசிப்பி மாநிலத்து ஊர். வெளியேற்றத்தைக் குறைத்தால், அதைவிட வடக்கே ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கும் ஊர். நகரம் எவ்வளவு தூரம் தெற்கே ‘நகரும்’ என்பது அடுத்த சில ஆண்டுகளில் எரிக்கப்போகும் நிலக்கரி, பெட்ரோலின் அளவைப் பொறுத்தது.