மதிலைக் கேட்ட பாதிரியார்

அரசும் திருச்சபையும் தனித்தனியே இயங்க வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் நாத்திகரிடமிருந்து எழவில்லை. தீவிர பக்தரான ஒரு பாதிரியாரிடமிருந்து எழுந்தது. ரோஜர் வில்லியம்ஸ் 1631இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்தார். அதை ஆண்ட பியூரிட்டன்கள் தாய்நாட்டில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள். ஆனாலும் தங்கள் சபையில் சேர்ந்த ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை தந்தார்கள். ஓய்வுநாளை மீறியவரைத் தண்டிக்கும் அதிகாரத்தை நீதிபதியிடம் கொடுத்தார்கள். கடவுளுக்குச் செய்த குற்றத்தில் நீதிபதிக்கு என்ன வேலை என்பது வில்லியம்ஸின் கேள்வி. செவ்விந்தியரின் நிலத்தைத் தானமாக வழங்க இங்கிலாந்து மன்னருக்கு உரிமையில்லை என்றும் அவர் வாதிட்டார். 1635இல் அவரை வெளியேற்றத் தீர்ப்பானது.

மறு ஆண்டு நாரகன்செட் என்ற செவ்விந்திய மக்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். அங்கே குடியேறியவர்கள் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், ஆனால் உலகியல் விவகாரங்களில் மட்டும். ஊர் கூடி எடுக்கும் முடிவும் மனச்சாட்சியின் வாசலில் நின்றுவிட வேண்டும். மதில் என்ற உவமையையும் 1644இல் அவரே கையாண்டார். திருச்சபை என்ற தோட்டத்தை உலகமென்னும் காட்டிலிருந்து காப்பதற்காக.

அடுத்த நூற்றாண்டில் வர்ஜீனியாவில் போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. உரிமம் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே சிறையில் கிடந்தார்கள். 1776இல் உரிமைப் பிரகடனம் தயாரானபோது, வரைவில் இருந்த ‘சகிப்பு’ என்ற சொல் இளைஞரான ஜேம்ஸ் மேடிசனை உறுத்தியது. சகித்துக்கொள்பவர் நாளை மனம் மாறலாம். உரிமையை அப்படிப் பறிக்க முடியாது. அவர் வற்புறுத்தியதால் வாசகம் மாறியது. 1784இல் கிறிஸ்தவ போதகர்களுக்காக வரி வசூலிக்கும் மசோதாவை பேட்ரிக் ஹென்றி ஆதரித்தார். விடுதலைப் போரின் பெரும் பேச்சாளரே இதன் பின்னால் நின்றது வியப்புதான். பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிட்டீரியன்களும் மனுக்களைக் குவிக்க, மசோதா மடிந்தது. 1786இல் தாமஸ் ஜெபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது.

அரசு சார்பில் மதம் நிறுவுவதைத் தடுத்து 1791இல் நடைமுறைக்கு வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் மத்திய நாடாளுமன்றமான காங்கிரஸை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் தங்கள் போக்கில் நடந்தன. கனெக்டிகட்டில் தனிச் சலுகை பெற்ற சபையிடம் அல்லல்பட்ட டான்பரி பாப்டிஸ்டுகள் முறையிட, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெபர்சன் 1802இல் எழுதிய பதிலில் மதில் உவமை மறுபடி வந்தது. இன்று நீதிமன்றங்கள் எடுத்தாள்வது அந்தக் கடிதத்தைத்தான். ஆனால் கனெக்டிகட் 1818இல்தான் அந்தச் சலுகையை நீக்கியது. எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக, 1833இல், அரசு ஆதரவுச் சபையைக் கைவிட்டது வில்லியம்ஸை விரட்டிய மாசசூசெட்ஸ்.